நெல்லிக்குப்பம் கணினிக் கடைக்காரர்களுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

நெல்லிக்குப்பத்திலும், இந்தப் பக்கம் மேல்பட்டாம்பாக்கம், அந்தப் பக்கம் வரக்கால்பட்டு வரையிலும் ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், போட்டோ ஸ்டூடியோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று ஏதாவது ஒரு பலகை மாட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவன். உங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த பிராசஸரைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நம் கடைகளில் ஓடுவதும் நம்மிடம் சர்வீசுக்கு வருவதும் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 சிஸ்டங்கள்தான். கூடவே அரசு கொடுத்த பழைய லேப்டாப்கள். இவற்றில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 4 அல்லது 8 ஜி.பி. ஆக்கினால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். அந்தச் சிஸ்டத்தைத் தூக்கிப்போடச் சொல்வது அதன் தயாரிப்பாளருக்கு வேண்டுமானால் லாபம். வீட்டில் பிள்ளை படிக்க ஒன்று வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது புதிதாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவு.

அந்தக் குடும்பம் என்ன செய்யும்? உங்களிடம் கொண்டுவரும். "அண்ணா, என்ன பண்ணலாம்?" என்று கேட்கும். நீங்கள் போட்டுக் கொடுக்கும் ஓ.எஸ்.தான் அடுத்த நாலைந்து ஆண்டுக்கு அந்த வீட்டில் ஓடும். இந்த ஊரில் எந்தக் கணினியில் எந்த மென்பொருள் இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது சென்னையும் இல்லை, டெல்லியும் இல்லை. கடையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. நடந்த கதையே அதற்குச் சாட்சி.

2006, 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றினார். 2007-இல் சென்னையிலுள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக், 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து அந்த பாஸ் லினக்ஸும் உள்ளே வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய ஒரு கட்டற்ற ஓ.எஸ். போய்ச் சேர்ந்த அப்படியொரு வாய்ப்பு நாட்டில் வேறெங்கும் எளிதில் அமையாது. ஆனால் மாவட்டம் தோறும் சர்வீஸ் கடைகளில் நடந்த முதல் வேலை, அந்தப் பார்ட்டிஷனை அழித்து இடத்தைக் காலிசெய்ததுதான். பிள்ளைகளே அப்படிக் கேட்டார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஆள் இல்லை, தமிழில் தட்டச்சு செய்ய வழி சொல்ல ஆள் இல்லை, பாட்டு ஓடவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை.

கேரளத்தில் இதே காலத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். இன்று அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே வடிவமைத்த லினக்ஸ் அங்கே மாநிலம் முழுக்க ஓடுகிறது. அங்கே ஆசிரியர் செய்த வேலையை இங்கே நீங்கள் செய்யலாம் என்பதுதான் என் நம்பிக்கை.

கட்டற்ற மென்பொருள் என்றாலே நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் ஆரஞ்சுக் கூம்பு ஐகான் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அந்த வி.எல்.சி. பிளேயர், பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கியது, 2001-இல் ஜி.பி.எல். உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2020 ஊரடங்கில் மண்டபத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்றிருந்தபோது கல்யாணத்தை யூடியூபில் நேரலையாக விட ஸ்டூடியோக்காரர்கள் தேடிப்போனது ஓ.பி.எஸ்.; அதுவும் கட்டற்றதுதான். நாம் எம்.பி.4-ஆக மாற்றும் ஏதாவது ஒரு கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் எஃப்.எஃப்.எம்பெக் இருக்கும்.

வி.எல்.சி.க்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை வந்தது. 2022 பிப்ரவரி, மார்ச்சிலிருந்து அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. முறையான அறிவிப்பு எதுவும் இல்லை. பிறகு அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அரசுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. நான் கவனித்தது வேறு. அத்தனை மாதமும் நம் கடைகளில் வி.எல்.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையிலிருந்த இன்ஸ்டாலரை பென்டிரைவில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம். அதில் சட்டத் தப்பு எதுவும் இல்லை. லாகின் இல்லை, ஆக்டிவேஷன் இல்லை, மாதச் சந்தா இல்லை. தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று வரிசையாகப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்வெர்ட்டரில் கரண்ட் இருந்தும் நெட் அறுந்து கிடக்கும் நாட்களில், உரிமத்தைச் சரிபார்க்க இணையம் கேட்கும் சாஃப்ட்வேர் என்றைக்குக் கதவைச் சாத்தும் என்று சொல்லமுடியாது.

இனி கசப்பான பக்கம். நம் தொழிலில் போட்டோஷாப், கோரல், எடியஸ் எல்லாம் எப்படி உள்ளே வந்தன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-பி என்ன சொல்கிறது என்று ஒருமுறை படியுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், கூடினால் 3 ஆண்டு சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபநோக்கம் இல்லாவிட்டால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தும் கடைக்கு அந்தச் சலுகையும் இல்லை. பெரிய ஊர்களில் ரெய்டு வருகிறது, நம் ஊருக்கு வராது என்ற தைரியத்தில் ஒரு தொழிலை நடத்தக்கூடாது.

சட்டத்தை விடுங்கள், வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் கிராக் போடவேண்டியிருக்கிறது. அந்தச் சிஸ்டத்தில்தான் ஒரு நாளைக்கு நூறு பேருடைய பென்டிரைவைச் செருகுகிறோம். அவர்களுடைய ஆதார், பான், பாஸ்புக், சிட்டா எல்லாம் அதே டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் அந்த வைரஸ் நம் ஜெராக்ஸ் கடைகள் வழியாகத்தான் ஊர் முழுக்கப் பரவியது. விண்டோஸுக்காக எழுதிய அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது. வெறும் பிரிண்ட் எடுக்கும் சிஸ்டத்தை மட்டும் லினக்ஸுக்கு மாற்றினாலே இந்தத் தொல்லை பெரும்பகுதி போய்விடும்.

எங்கே தொடங்குவது? ஓ.எஸ்.ஸை முதல்நாளே மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் விண்டோஸிலேயே எழுத்து வேலைக்கு லிபர் ஆபீஸ், போட்டோவுக்கு கிம்ப், டிசைனுக்கு இங்க்ஸ்கேப், வீடியோ எடிட்டிங்குக்கு கேடென்லைவ், ஆடியோவுக்கு ஆடாசிட்டி, வீடியோவை மாற்ற ஹேண்ட்பிரேக் போட்டுப் பழகுங்கள். எல்லாம் விண்டோஸிலும் ஓடும். கை பழகிய பிறகு அடியிலிருக்கும் ஓ.எஸ். மாறினால் வேலை செய்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓ.எஸ். என்று வரும்போது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, நம் பழைய சிஸ்டங்களுக்குப் பொருத்தம். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மெனு இடது மூலையில், டாஸ்க்பார் கீழே என்று விண்டோஸ் 7 பழகியவருக்கு அன்னியமாக இருக்காது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி உள்ளேயே வருகிறது. ஒழுங்காக ஓடும் நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், யாராவது எதையாவது கெடுத்தாலும் சில நிமிடத்தில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

போட்டதும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பாஸ் லினக்ஸ் தோற்றது அங்கேதான். நம் வேலைக்கு ஏற்றபடி அதை வளைக்கவேண்டும், அதுதான் உங்கள் கைத்திறமைக்கான இடம். லிபர் ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதில் 'டேப்டு' என்று மாற்றினால் வேர்டு மாதிரி ரிப்பன் வந்துவிடும். சேமிக்கும் வடிவத்தை எப்போதும் டாக்ஸ் என்று வைத்துவிட்டால் கஸ்டமருக்குக் கொடுக்கும்போது சிக்கல் வராது. தமிழில் அடிப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ஃபான்ட்டை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் மாறாது. லிபர் ஆபீஸ் தமிழை சி.டி.எல். என்ற தனி வகுப்பில் வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் சி.டி.எல்.லை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து, பேசிக் ஃபான்ட்ஸ் சி.டி.எல். பக்கத்தில் எழுத்துருவும் அளவும் வைத்துவிடுங்கள். ஒருதரம் செய்தால் போதும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் "லிபர் ஆபீஸில் தமிழ் சரியில்லை" என்று தூக்கிப்போட்டார்கள்.

தட்டச்சுக்கு, எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறை இருக்கிறது, பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பும் இருக்கிறது. இந்த மூன்றாவதுதான் நமக்குப் பொன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு நம் கடைகளில் வேலை பார்க்கும் அக்காமார்கள் விரலை மாற்றிப் பழகவேண்டாம். அதே வேகத்தில் யூனிகோடில் அடிக்கலாம். வானவில், பாமினி என்று அடித்துவைத்த பழைய ஃபைல்களும் வீணாகாது. அந்த எழுத்துருக்களைப் போட்டுவிட்டால் லிபர் ஆபீஸிலும் படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. பேஜ்மேக்கர் 2001-க்குப் பிறகு புதுப் பதிப்பே காணவில்லை, ஆனால் 4.4 பதிப்பு முதல் லிபர் ஆபீஸ் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது, கோரல் ஃபைலையும் திறக்கிறது. அச்சு அசலாக வரும் என்று சொல்லமாட்டேன். இருபது ஆண்டுக்கு முன் செய்த பத்திரிகை டிசைனை மீட்டெடுக்க அது போதும்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். 2002-இல் வந்த போட்டோஷாப் 7-ஐ இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் 'கொ', 'கை' எல்லாம் கொம்பு வேறு, எழுத்து வேறு என்று பிரிந்து நிற்கும். அதனால்தான் இன்றுவரை பழைய எழுத்துருவைக் கட்டி அழவேண்டியிருக்கிறது. கிம்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே ஒட்டினால் ஒழுங்காக விழும். மணமக்கள் பெயரை மறுபடி தட்டச்சு செய்து பிழை விடவேண்டிய தேவையே இல்லை. கிம்பின் மெனு குழப்புகிறது என்பவர்களுக்கு ஃபோட்டோகிம்ப் என்ற ஒட்டு இருக்கிறது. போட்டோஷாப்பின் ஷார்ட்கட்டும் கருவி வரிசையும் அப்படியே வந்துவிடும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல், போட்ட ஃபில்டரைப் பின்னால் திருத்தலாம். ஆஃப்செட்டுக்கு சி.எம்.ஒய்.கே. வேண்டுமென்றால் கிம்ப் இன்னும் முழுசாகப் போதாது. அதற்கு கிரிட்டாவும், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் 1.6-உம் இருக்கின்றன, ஸ்க்ரைபஸில் இப்போது தமிழ் சரியாக அமர்கிறது.

பாஸ்போர்ட் போட்டோ நம் எல்லோருடைய தினப்படி வரும்படி. எக்ஸ்.எஃப்.சி.இ.யின் ஃபைல் மேனேஜரான துனாரில் கஸ்டம் ஆக்‌ஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியின் ஒரு கட்டளையை அதில் எழுதிவைத்துவிட்டால், படத்தின் மேல் ரைட் கிளிக் செய்ததும் நீங்கள் வைத்த பெயரிலேயே, தமிழிலேயே, ஒரு மெனு வரும். அழுத்தினால் 35-க்கு 45 மில்லிமீட்டரில் எட்டுப் படம், 4-க்கு 6 தாளில் அடுக்கித் தயாராகிவிடும். இதே வழியில் ஆதார் அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே ஏ4-இல் வைக்கலாம், பி.டி.எஃப். அளவைப் படிவம் கேட்கும் கே.பி.க்குள் சுருக்கலாம். நாலு பேர் உட்கார்ந்து இப்படிப் பத்துக் கட்டளை எழுதி வைத்துக்கொண்டால் ஊரிலிருக்கும் எல்லாக் கடைக்கும் அது பொதுச் சொத்து.

வீடியோ மிக்சிங்கில் கேடென்லைவ். பழைய சிஸ்டத்தில் ஹெச்.டி. ஃபுட்டேஜ் தத்தளித்தால் பிராக்ஸி கிளிப்பை இயக்குங்கள். எடிட் செய்வது சின்னப் பிரதியில், கடைசியில் வெளியே வருவது அசல் தரத்தில். டைட்டிலில் தமிழ் உடையாது. கஸ்டமருக்குக் கொடுக்கும் அளவுகளை ரெண்டர் பிரீசெட்டாகச் சேமித்து வைக்கலாம். வி.எல்.சி.யில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது என்று வருபவர்களுக்கு, பிரிஃபரன்ஸில் சப்டைட்டில் பக்கம் போய் யு.டி.எஃப்-8 வைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். படத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை என்றால் ஜே, கே விசைகள். சப்டைட்டில் முந்திப் பிந்தி வந்தால் ஜி, ஹெச்.

இன்னொரு வேலை இருக்கிறது, நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. 1990-களின் கடைசியிலிருந்து 2010 வரை நடந்த கல்யாணங்கள், காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டு விழாக்கள் எல்லாம் வி.சி.டி.யிலும் டி.வி.டி.யிலும் வீட்டு பீரோவில் கிடக்கின்றன. மேல்பூச்சு உரிந்து, கீறல் விழுந்து, ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டு வருகின்றன. ஓட்டிப் பார்க்க பிளேயரும் இல்லை. போன தாத்தாவின் நடையும் குரலும் அந்த ஒரு தட்டில் மட்டும்தான் இருக்கும். சாதாரண காப்பியில் பாதியில் நின்றுவிடும் டி.வி.டி.யை டி.டி.ரெஸ்கியூ என்ற குனு கருவி படிக்கும். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முயலும். எடுத்ததை ஹேண்ட்பிரேக்கில் எம்.பி.4 ஆக்கினால் போனிலேயே பார்க்கலாம். வி.ஹெச்.எஸ். கேசட் என்றால் ஒரு கேப்சர் கார்டும் ஓ.பி.எஸ்.ஸும் போதும், இரைச்சலை ஆடாசிட்டியில் குறைக்கலாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. உழைப்புக்கு நியாயமான கூலி வாங்குங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது, தட்டுகள் காத்திருக்காது.

எதிர்க்கேள்விகள் எனக்குத் தெரியும். கைரேகை வைக்கும் கருவிகளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் லினக்ஸில் பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை. டேலி வேண்டும் என்பவருக்கு டேலிதான் வேண்டும். கரிஸ்மா ஆல்பத்துக்கு விலைக்கு வாங்கிவைத்திருக்கும் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகளை கிம்ப் திறக்கும், ஆனால் சில எஃபெக்ட் காணாமல்போகும். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் பிடிப்பது பெரும்பாடு. வாங்கும் முன் பாருங்கள். இ-சேவை வேலை செய்யும் கடை, உரிமம் வாங்கிய ஒரு விண்டோஸ் சிஸ்டத்தை வைத்துக்கொள்வதுதான் சரி. நாலு சிஸ்டம் இருக்கும் கடையில் மூன்று மாறினால் அதுவே நல்ல மாற்றம்.

கற்றுக்கொள்ள எங்கே போவது என்றும் கவலை வேண்டாம். நம் ஸ்டேஷனில் ரயிலேறினால் அதே பாதையில் விழுப்புரம். அங்கே 2013 முதல் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள். புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் உண்டு. 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய 'கணியம்' இதழ் தமிழிலேயே இவற்றையெல்லாம் எழுதிவருகிறது. எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சுக் கருவியைத் தந்த முகுந்த் போன்றவர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல், இரவில் கண்விழித்துக் கணினியில் தமிழைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்துவைத்தது நம் கடைவாசல் வரை வந்து நிற்கிறது. உள்ளே எடுத்துப்போவது நம் வேலை.

காசு விஷயத்தைக் கூச்சமில்லாமல் பேசுவோம். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக உங்கள் வேலையை இலவசமாகச் செய்யவேண்டாம். ஜி.பி.எல். உரிமம் காசு வாங்குவதைத் தடுக்கவில்லை. கிராக் போட்டுக் கொடுப்பதற்கு வாங்கும் முன்னூறு, ஐந்நூறை, நேர்மையாக அமைத்துக் கொடுப்பதற்கு வாங்குங்கள். தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர், வி.எல்.சி., ஸ்னாப்ஷாட் எல்லாம் சரிபார்த்து, பத்து நிமிடம் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அந்தக் கஸ்டமர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

1842-இலிருந்து சர்க்கரை ஆலை ஓடும் ஊர் இது. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. மென்பொருளையும் அப்படிப் பிரித்துப் பூட்ட நம்மால் முடியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த மாதம் உங்கள் கடையில் ஒரே ஒரு சிஸ்டத்தில் மின்ட் போடுங்கள். பிரிண்ட் எடுக்கும் சிஸ்டமாக இருந்தால் நல்லது. ஒரு பென்டிரைவில் மின்ட்டின் லைவ் பதிப்பைத் தயாராக வையுங்கள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையோ கடலூர் கல்லூரிப் பிள்ளையோ பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து ஓ.எஸ். போடச் சொன்னால், எதையும் அழிப்பதற்கு முன் அந்தப் பென்டிரைவைச் செருகி, அதே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் ஒருவன்
நெல்லிக்குப்பம்